மரத்தை வெட்டியாச்சு, அடிக்கட்டையை என்ன செய்வது? தரைவீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம், மாமனார் காலத்து வரிசை வீடு. பின்கட்டில் ஒரு மாமரம் இருந்தது. கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றதால் வெட்டினோம். வெட்டியவர்கள் கிளைகளையும் தண்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் மிச்சம். "அது தனி வேலை, தனி விலை" என்றார்கள். அதை எடுக்க நான் பட்ட பாட்டை ஒரு கல்யாண வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்போக, அன்றிலிருந்து சொந்தக்காரர்களும் சொந்தக்காரர்களின் நண்பர்களும் கேட்டபடியே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

அடிக்கட்டையை எடுத்தே ஆகவேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு என் பதில் இதுதான், அந்தப் பாதிப் பேருக்கும் அது பிடிப்பதில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டும் காரணம் என்றால், தரைமட்டத்துக்கு அறுத்து மேலே மண் போட்டுப் புல் பதித்துவிடுங்கள். மீதியை மழை பார்த்துக்கொள்ளும்.

எடுத்தே தீரவேண்டிய இடங்களும் உண்டு. அதே இடத்தில் சிமெண்ட் தளமோ கார் நிறுத்துமிடமோ கட்டப் போகிறீர்கள் என்றால் விடக்கூடாது. கட்டை உள்ளுக்குள் மக்க மக்க மண் இறங்கும், சில வருடத்தில் மேலே பதித்த ஓடு கலகலத்துவிடும். நடைபாதையில் காலை இடறுகிறது, கட்டையின் நடுவே பொந்து விழுந்து தண்ணீர் தேங்குகிறது, கரையான் ஏறிவிட்டது, தட்டுத் தட்டாகக் காளான் முளைத்துப் பக்கத்து மரத்தையும் பிடிக்கிறது: இவையெல்லாமும் நல்ல காரணங்கள்.

எந்த மரம் என்பது முக்கியமா?

முதல் கேள்வியே அதுதான். தென்னைக்கு ஒரே குருத்து. தலையை வெட்டினால் கதை முடிந்தது, மறுபடி துளிர்க்காது. அதன் வேரும் ஆணிவேர் கிடையாது. விரல் பருமனில் நூற்றுக்கணக்கான சல்லிவேர்கள். ஆனால் நார் அதிகம் என்பதால் அரைக்கும் இயந்திரத்தின் பற்களில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். மக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பக்கத்து வீட்டில் தென்னையோ அலங்காரப் பனையோ இருந்தால், உங்கள் கட்டையில் வளர்ந்த வண்டு அங்கே போய்க் குருத்தைத் துளைக்கும்.

முருங்கை இதற்கு நேர் எதிர். கட்டை மெத்தென்று இருக்கும், தோண்டுவது சுலபம், ஆனால் விட்டுவைத்தால் பத்து நாளில் பச்சைக் குச்சிகள் கிளம்பிவிடும். கறிவேப்பிலை வேரிலிருந்தே கன்று விடும். தாய் மரத்தை எடுத்த பிறகும் இரண்டடி தள்ளி எட்டிப்பார்க்கும். வேம்பும் அப்படித்தான். வாழை ஒரு மரமே அல்ல. கிழங்கைத் தோண்டி எடுத்தால் போதும், அரை நாள் வேலை.

மா, பலா, ரம்புத்தான் போன்றவைதான் நிஜமான தலைவலி. கெட்டிக் கட்டை, ஆழமான வேர்.

அனுமதி வாங்க வேண்டுமா?

வெட்டியாகிவிட்டது என்றால் இந்தக் கேள்வி கொஞ்சம் தாமதம். மரம் இன்னும் நிற்கிறது என்றால் கவனமாகப் படியுங்கள்.

சிங்கப்பூரில் 1991ல் இரண்டு பெரிய வட்டாரங்களை மரப் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவித்தார்கள். ஒன்று தீவின் மத்தியப் பகுதியில், இன்னொன்று சாங்கிப் பக்கம். அங்கே, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நூல் பிடித்து அளந்தால் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் வரும் மரத்தை, அது உங்கள் சொந்த நிலத்தில் இருந்தாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் வெட்டக்கூடாது. காலி நிலத்தில் நிற்கும் மரங்களுக்கும் இதே விதிதான், அது தீவில் எங்கே இருந்தாலும். 1 மீட்டர் சுற்றளவு என்றால் குறுக்கே ஏறத்தாழ 32 சென்டிமீட்டர். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய மரம் என்று நாம் நினைக்காததும் இந்தக் கணக்கில் மாட்டும். மீறினால் அபராதம் 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம்.

எங்கள் மாமரம் 1 மீட்டரைத் தாண்டியதுதான். ஆனால் வீடு அந்த வட்டாரங்களுக்குள் இல்லை. அதையும் கேட்டு உறுதி செய்த பிறகுதான் ரம்பத்தை உள்ளே விட்டேன். முந்தைய உரிமையாளர் விட்டுப்போன பெரிய கட்டை ஒன்று உங்களிடம் இருந்து, வீடும் அந்த வட்டாரத்தில் இருந்தால், கை வைக்கும் முன் கழகத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசல் கேட்டுக்கு வெளியே, சாலையோரத்தில் இருக்கும் கட்டை?

அது உங்களுடையது அல்ல. தொடாதீர்கள். சாலையோர மரங்கள் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் அடியில் உள்ளவை நகர மன்றத்தின் பொறுப்பு. இப்படிப்பட்ட புகார்களுக்கென்றே இருக்கும் ஒன்சர்விஸ் செயலியில் படம் எடுத்துப் போட்டால் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும். கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடியில், இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் சொல்லுங்கள்; தரைத்தள வீட்டின் முன்னால் இருக்கும் தோட்டம்கூடப் பொதுச் சொத்தாக இருக்கலாம்.

நானே தோண்டி எடுக்க முடியுமா?

கட்டையின் குறுக்களவு ஒரு சாண் அளவுக்குள் இருந்தால், முடியும். ஒரு சனிக்கிழமை போதும். அதற்கு மேல் போனால் முதுகுவலிக்கான மருத்துவச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தை இன்னும் வெட்டவில்லை என்றால் ஒரு யோசனை. அடியோடு அறுக்காமல் மார்பு உயரத்துக்குத் தண்டை விட்டுவையுங்கள். வேர்களை வெட்டிய பிறகு அந்தத் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் அதுவே நெம்புகோல். தாழ்வாக அறுத்துவிட்டு, பிடிக்க எதுவும் இல்லாமல் திண்டாடுபவர்கள்தான் அதிகம். நானும் அதில் சேர்த்தி.

வேலை செய்யும் முறை இது. கட்டையைச் சுற்றி ஓரடி தள்ளி வட்டமாக மண்ணை எடுங்கள். சங்கோல் என்று நாம் இங்கே சொல்லும் மண்வெட்டி மேல்மண்ணுக்கு நன்றாக இருக்கும், கீழே களிமண் வந்ததும் கடப்பாறைதான். இந்தத் தீவின் பல இடங்களில் ஒரு முழம் போனதும் செங்காவி நிறத்தில் இறுகிய மண் வரும். காய்ந்த நாளில் அது கல். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் தொடங்குங்கள், பாதி உழைப்பு மிச்சம்.

வேர் தெரிந்ததும் உடனே வெட்டாதீர்கள். தோட்டக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அதன் மேலுள்ள மண்ணைக் கழுவுங்கள். மண் ஒட்டிய வேரில் ரம்பத்தை வைத்தால் இரண்டே நிமிடத்தில் பல் மழுங்கிவிடும். கழுவிய வேரை இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை வெளியே எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் வெட்டினால் நுனிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கட்டை அசையவே அசையாது. விரல் பருமன் வேருக்குப் பாராங் எனும் வெட்டுக்கத்தி போதும், கைப்பருமனுக்குக் கோடாரி அல்லது பேட்டரி ரம்பம். செயின்சா பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொடவேண்டாம். குழிக்குள் குனிந்துகொண்டு செயின்சாவை இயக்குவது பழகியவர்களுக்கே ஆபத்து. நுனி வேரில் இடித்தால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும்.

பக்கவேர்கள் எல்லாம் அறுந்த பிறகும் கட்டை அசையவில்லை என்றால், அடியில் ஆணிவேர் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் குழியை ஆழமாக்கி, கட்டையை அந்தப் பக்கம் சாய்த்து, எதிர்ப்புறத்திலிருந்து அதை வெட்ட வேண்டும். நான் மூன்று வாரக் கடைசிகள் தோண்டிய பிறகு இந்தக் கட்டத்தில்தான் தோற்றேன்.

லாரியில் கயிறு கட்டி இழுத்தால் வந்துவிடாதா?

எங்கள் உறவில் ஒருவர் செய்து பார்த்தார். கட்டை வரவில்லை. கேட்டின் தூண் வந்தது. கயிறு தெறித்து உரசியதில் தூண் அப்படியே சாய்ந்துவிட்டது. ஆள் மேல் படாதது அவர் மனைவி செய்த புண்ணியம்.

வரிசை வீடுகளில் இதை நினைக்கவே கூடாது. பொதுச் சுவருக்கு அடியில் வேர் ஓடியிருக்கும், இழுத்தால் சுவரையும் சேர்த்துத் தூக்கும். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரரோடு தீபாவளி முறுக்குப் பரிமாற்றம் நின்றுபோகும்.

அரைக்கும் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

ஸ்டம்ப் கிரைண்டர் என்பார்கள். சுழலும் சக்கரம், அதன் விளிம்பில் கார்பைடு பற்கள். சக்கரத்தைக் கட்டையின் மேல் வைத்து இடமும் வலமுமாக ஓட்டினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவித் தூளாக்கும். கட்டை வெளியே வருவதில்லை; இருந்த இடத்திலேயே பொடியாகிறது. ஆழம் பொதுவாக 15லிருந்து 30 சென்டிமீட்டர். அதற்குக் கீழே உள்ள வேர்கள் மண்ணிலேயே மக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த குழுவில் திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். இயந்திரத்தை இறக்கும் முன் கடப்பாறையின் பின்முனையால் கட்டையைச் சுற்றிச் சுற்றித் தட்டினார், தேங்காய் வாங்குபவர் தட்டிப் பார்ப்பதைப்போல. மூன்று இடத்தில் "டங்" என்றது, ஓர் இடத்தில் "பொத்" என்றது. "அண்ணே, இந்தப் பக்கம் உள்ளே பொக்கு. இங்கேயிருந்து ஆரம்பிச்சா சீக்கிரம் முடியும்" என்றார். அங்கே சக்கரத்தை வைத்ததும் கறுப்பாக ஈரத்தூள் பறந்தது. மற்ற பக்கத்தில் மஞ்சள் நிறத் தூள், மாங்காய்ப் பால் வாசனையோடு. நான் மூன்று வாரம் முட்டி மோதியதை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

ஆள் கூப்பிடும் முன் உங்கள் பக்கவழியை அளந்து வையுங்கள். வரிசை வீட்டில் பின்கட்டுக்குப் போக வழி ஒன்று சமையலறை வழியாக, இல்லை பின்சந்து வழியாக. ஒடுங்கிய கேட்டில் நுழையும் சின்ன இயந்திரங்களும் இருக்கின்றன, ஆனால் அளவைச் சொல்லாமல் கூப்பிட்டால் பெரியதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, வந்ததற்குப் பணம் கேட்பார்கள்.

விலை கேட்கும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: எவ்வளவு ஆழம், தூளை யார் அள்ளுவது, தெறித்து ஓடோ கண்ணாடியோ உடைந்தால் யார் பொறுப்பு. எனக்கு வந்த இரண்டு விலைகளில் ஒன்று மற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. விசாரித்தால், மலிவானதில் தூள் அள்ளும் வேலை சேரவில்லை. தூள் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. கட்டையாக இருந்தபோது அடைத்த இடத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு பொங்கிவரும். எங்களுக்குப் பதினொரு அரிசி மூட்டை நிறைந்தது.

அப்படியே மக்கவிட்டால் எத்தனை காலம் ஆகும்?

எனக்குப் பிடித்த வழி இதுதான். இங்கே ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, 170 நாட்களுக்கு மேல் மழை நாட்கள், குளிர்காலமே இல்லை. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு இதைவிட நல்ல ஊர் எங்கே? முருங்கை, பப்பாளி மாதிரி மெத்தென்றவை மழைக்காலம் ஒன்றிரண்டைத் தாண்டுவதே அபூர்வம். மா, பலாவுக்குச் சில வருடங்கள் பொறுமை வேண்டும்.

ஆனால் மற்ற நாட்டுக்காரர்கள் சொல்லும் முறையை அப்படியே இங்கே செய்யாதீர்கள். கட்டையில் துளைகள் போட்டுத் தண்ணீர் நிரப்பி வையுங்கள், பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள் என்பார்கள். சிங்கப்பூரில் அது ஏடிஸ் கொசுவுக்கு நீங்களே கட்டிக் கொடுக்கும் வீடு. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். முட்டைகள் ஈரமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் செய்யும், அடுத்த மழையில் பொரிக்கும். மரப்பொந்தில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு ரொம்பப் பிடித்த இடம். விரிப்பின் மடிப்பில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் நின்றாலும் போதும். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரிகள் வந்து கொசுப்புழுவைக் கண்டுபிடித்தால் வீட்டுக்காரருக்கு 200 வெள்ளி அபராதம். அபராதத்தை விடுங்கள், வீட்டில் ஒரு குழந்தைக்கு டெங்கி வந்தால்?

இன்னொன்று, தண்ணீரில் மூழ்கிய மரம் மக்காது. பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஊர்ப்பக்கம் கிணற்றின் அடியில் நாவல் கட்டை போடுவார்களே, தலைமுறை தாண்டியும் அப்படியே கிடக்குமே, அதே சங்கதிதான். ஆக, துளையில் தண்ணீர் நிற்பது கொசுவுக்குத்தான் லாபம்.

நம் ஊருக்கு ஏற்ற முறை: கட்டையை எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக அறுத்துவிடுங்கள். பெருவிரல் பருமனில் துளைகளை ஒரு சாண் ஆழத்துக்கு நெருக்கமாகப் போடுங்கள். ஒவ்வொரு துளையிலும் மக்கிய எருவை விளிம்புவரை அடைத்துவிடுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்க இடம் இருக்கக்கூடாது. எருவோடு ஒரு சிட்டிகை யூரியா கலக்கலாம், கொஞ்சம் உதவும், அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். மேலே அரை அடிக்குக் குறையாமல் மண்ணும் காய்ந்த இலையும் குவித்து மூடுங்கள். மாதம் ஒரு முறை துளிர் வந்திருக்கிறதா என்று பாருங்கள், வந்தால் கிள்ளிவிடுங்கள். இலையே விடாத கட்டை, வேரில் சேமித்ததைத் தின்று தீர்த்துவிட்டுத் தானே ஓயும்.

கட்டையில் பெரிய பொந்து இருந்தால் இன்றைக்கே மணலைக் கொட்டி நிரப்புங்கள். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

ஏதாவது மருந்து ஊற்றினால் சீக்கிரம் போகாதா?

வாரம் ஒருவராவது கேட்கும் கேள்வி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெருங்காயம்: மரத்தைத் துளைத்துப் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். தேக்கா கடைகளில் இன்று பெருங்காயம் விற்கும் விலைக்கு அதைச் சாம்பாரில் போடுங்கள்.

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்: இது பூஞ்சைக்கொல்லி. கட்டையை மக்கவைக்கும் பூஞ்சையையே கொன்றுவிட்டால் கட்டை எப்படி மக்கும்? மண்ணெண்ணெய், டீசல், பழைய எஞ்சின் எண்ணெய் எல்லாம் இதே ரகம். அந்தக் காலத்தில் தந்திக் கம்பங்களும் ரயில் பாதைக் கட்டைகளும் உளுத்துப்போகாமல் இருக்கத் தார் எண்ணெயில் ஊறவைத்தார்கள். நீங்கள் கட்டையைப் பாதுகாக்கிறீர்கள், அழிக்கவில்லை. மழையில் அந்த எண்ணெய் வடிகாலுக்குப் போனால் அதற்குத் தனி வழக்கு.

கல்லுப்பு: கட்டைக்கு ஒன்றும் ஆகாது, சுற்றியுள்ள செடிகள் போகும்.

வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்: அமெரிக்கக் காணொளிகளில் கட்டையைக் கரைக்கும் தூள் என்று டப்பாவில் காட்டுவது பெரும்பாலும் இதுதான். இங்கே அது வெடிபொருள் தயாரிக்க உதவும் மூலப்பொருள்களின் பட்டியலில் இருக்கிறது, போலிஸ் உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. இணையத்தில் வாங்கி வரவழைக்க நினைக்காதீர்கள். ஒரு மரக்கட்டைக்காக விசாரணை அறையில் உட்கார வேண்டுமா?

களைக்கொல்லி: நர்சரிகளில் கிடைக்கும் கிளைபோசேட் வேலை செய்யும். ஆனால் மரத்தை அறுத்த சில நிமிடங்களுக்குள், பட்டைக்கு உட்புறம் இருக்கும் ஈரமான வளையத்தில் மட்டும் தூரிகையால் தடவ வேண்டும். நடுமரம் செத்த மரம், அங்கே பூசுவது வீண். மாதக்கணக்கில் காய்ந்த கட்டையில் ஊற்றுவதும் வீண். துளிர்ப்பதைத்தான் அது நிறுத்தும், கட்டையை மறையவைக்காது. ஒரே இன மரங்கள் பக்கத்தில் இருந்தால் வேரோடு வேர் ஒட்டியிருக்கும், மருந்து அதற்கும் போய்விடலாம்.

எரித்துவிடலாமா?

கூடாது. திறந்த வெளியில் எரிப்பது இங்கே குற்றம்.

கட்டையில் கரையான் வந்திருக்கிறது. வீட்டுக்கும் வருமா?

வரலாம். நிலத்தடிக் கரையான் கட்டையில் தின்றுகொண்டே மண்ணுக்குள் வழி போட்டுச் சுவரோரம் போகும். சுவரில் பென்சில் தடிமனுக்கு மண்குழாய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடையில் வாங்கிய தெளிப்பானை அடிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவது சாகும், கூட்டம் வேறு வழி பார்க்கும், அப்புறம் ஆளைக் கூப்பிட்டாலும் தடம் பிடிப்பது சிரமம். தொடாமல் வைத்து, பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அரைத்த தூளைச் சுவரை ஒட்டிக் குவித்து வைப்பதும் இதே காரணத்தால் தவறு.

தோண்டும்போது குழாய், கம்பி எதிலாவது இடித்தால்?

தோண்டும் முன்னே பார்க்க வேண்டியது இது. பின்கட்டில் இரும்பு அல்லது சிமெண்ட் மூடி போட்ட சாக்கடைத் தொட்டிகள் இருக்குமே, ஒரு மூடிக்கும் அடுத்ததற்கும் நடுவே கோடு போட்டுப் பாருங்கள். குழாய் அந்தக் கோட்டில்தான் ஓடும். பழைய வீடுகளில் அது சுட்ட களிமண் குழாய், மூட்டுகளில் வேர் நுழைந்திருக்கும். அந்த வேரை இழுத்தால் குழாயும் விரிசல் விடும். மழை நாளில் கழிவறைத் தண்ணீர் மெதுவாக இறங்கியது நினைவுக்கு வந்தால், முதலில் பிளம்பர், பிறகு கடப்பாறை.

மின்கம்பி வாசல் பக்கமிருந்து வரும். முன்முற்றத்தில் ஆழமாகத் தோண்டுவதாக இருந்தால் நிலத்தடி மின்கம்பியைக் கண்டறிய உரிமம் பெற்றவரை அழைத்துவர வேண்டும். ஒப்பந்தக்காரர் "தேவையில்லை சார்" என்றால் வேறு ஒப்பந்தக்காரரைப் பாருங்கள்.

வேரையும் தூளையும் எங்கே போடுவது?

தூளில் பாதியைத் தோட்டத்திலேயே செடிகளைச் சுற்றி மூடாக்காகப் போடலாம், இரண்டு விரல் கனத்துக்கு. பெரிய வேர்க்கட்டைகளைச் சாதாரணக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. தோட்டக் கழிவு எடுப்பவரிடம் பேசுங்கள். இந்த ஊரில் மரக்கழிவுக்கும் ஒரு வாழ்வு உண்டு. கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை த பே) கண்ணாடிக் கூடங்களைக் குளிரவைக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு, வெட்டிய மரக்கிளைகளை எரித்துக் கிடைப்பதுதான்.

வெள்ளிக்கிழமை வெட்டலாமா? மரத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

என் மாமியார் விடவில்லை. வெட்டுவதற்கு முந்தின நாள் மாலை, மரத்தடியில் மஞ்சள் நீர் தெளித்து, கற்பூரம் காட்டி, "உன் காயைத் தின்னுதான் பிள்ளைங்க வளர்ந்துச்சு, கோவிச்சுக்காதே" என்றார். கட்டையை அரைக்க வந்த நாள் வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது. அவர்களுக்கு வேறு நாள் இல்லை. "கட்டைதானே மாப்பிள்ளை, மரம் ஏற்கெனவே போயிடுச்சு" என்று அவரே விலக்கு அளித்துவிட்டார். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேம்பு, அரசு என்றால் வேலைக்கு வரும் ஆட்களே சிலர் ஒரு தேங்காய் உடைக்கச் சொல்வார்கள், தயங்காமல் உடையுங்கள்.

கட்டையின் மேலே துளசி மாடம் வைக்கலாமா?

பார்க்க நன்றாக இருக்கும், இரண்டு வருடம். பிறகு கட்டை ஒரு பக்கமாக மக்கி, மாடம் சாயும். ஆர்க்கிட் கட்டிவிடுங்கள், அது சாய்ந்தாலும் பூக்கும். பூத்தொட்டி வைத்தால் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். அதிலும் தண்ணீர் தேங்கும்.

அதே குழியில் வேறு மரம் நடலாமா?

உடனே வேண்டாம். தூளை மண்ணோடு கலந்துவிட்டால் அது மக்கும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், புதுச்செடி மஞ்சளாக நிற்கும். தூளை முடிந்தவரை அள்ளிவிட்டு, நல்ல மண் நிரப்பி, கொஞ்சம் மேடாகவே விடுங்கள். ஆறு மாதத்தில் தானாக இறங்கிவிடும். பழைய மரம் வேரழுகல் பூஞ்சையால் செத்தது என்றால் அந்த இடத்தில் மரமே வேண்டாம். மிச்ச வேர்களில் அந்தப் பூஞ்சை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

நாங்கள் நான்கடி தள்ளி ஒரு எலுமிச்சை வைத்தோம். பழைய குழியின் மேல் இப்போது கீரைப் பாத்தி. போன மாதம் மழைக்குப் பிறகு அங்கே மண் ஓரிடத்தில் உள்வாங்கி, உள்ளங்கை அளவு பள்ளம் விழுந்திருந்தது. ஒரு வாளி மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டு, தண்டுக்கீரை விதையைத் தூவினேன்.